நடையில் 21 ஆண்டுகள் நின்ற கணினி

எங்கள் வீடு வேலூர் சலவன்பேட்டையில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளின் வரிசையில் ஒன்று. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஐந்தடி அகலத்தில் ஒரு நடை உண்டு. 1998 முதல் 2019 வரை அந்த நடையில் மூன்றரை அடி உயரமுள்ள இரும்பு அலமாரி ஒன்று நின்றது. காற்றுக்காகச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்ததுபோக, ஆள் போய்வர இரண்டடிதான் மிஞ்சியது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கி, உருட்டி, அதைக் கடந்து போனார். வாஷிங் மிஷினா என்று கேட்டவர்களும் உண்டு, மாவு அரைக்கிற இயந்திரமா என்று கேட்டவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் என்று பதில் சொன்னால், கேட்டவர்கள் முகத்தில் தெரிந்தது வியப்பல்ல, என்மீதான இரக்கம்.

அது பிடிபி-11/23. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், துறைக்காரர்கள் சுருக்கமாக 'டெக்' என்று சொல்லும் நிறுவனம், 1970இல் தொடங்கிய 16 பிட் கணினி வரிசையில் 1979இல் வந்த மாதிரி. யூனிக்ஸ் என்ற இயக்க மென்பொருள் வளர்ந்ததும் சி என்ற நிரல்மொழி உருவானதும் இந்த வரிசையின் மூத்த இயந்திரங்களில்தான். என்னிடம் வந்த பெட்டியின் நினைவகம் 256 கிலோபைட். கீழே ஆர்எல்02 என்ற டிஸ்க் டிரைவ்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் 34 கிலோ எடை. அதில் வைக்கும் டிஸ்க் பேக், 14 அங்குல விட்டமுள்ள ஒற்றைத் தட்டு, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் கேக் பெட்டிபோல இருக்கும். அதன் கொள்ளளவு 10.4 மெகாபைட், அதாவது இன்றைய கைப்பேசிப் படங்கள் மூன்றைப் போட்டால் நிரம்பிவிடும். இவற்றோடு விடி100 திரை ஒன்றும் வந்தது.

இதை நான் முதலில் பார்த்தது 1986இல். வட ஆற்காடு மாவட்டம் அப்போது பிரிக்கப்படவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவில் அப்ரெண்டிஸாக இருந்தேன். கணினி இருந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு, வெளியே செருப்பு வைக்கப் பலகை, உள்ளே வளாகத்திலேயே வேறெங்கும் இல்லாத ஏசி. அப்ரெண்டிஸ்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. மே மாதப் பகலில் அந்தக் கதவின் அடியிடுக்கிலிருந்து வந்த குளிர்காற்றில் கால் விரல்களை நீட்டிக்கொண்டு நின்றதுதான் எனக்கும் கணினித் துறைக்கும் ஏற்பட்ட முதல் தொடர்பு.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வேறு வேலையில் இருந்தபோது, ஒரு மோட்டார் தேடி பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தார்ப்பாய்க்கு அடியில் அதே பெட்டி நின்றது. பக்கத்தில் நான்கு டிஸ்க் பேக்குகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தம்பி, இத்த வூட்டுக்கு இட்டுனு போயி இன்னா பண்ணப் போற? இரும்பு வெல வேற, போர்டு வெல வேற. அதுல தங்கம் கீது" என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் காலத்து கார்டுகளின் விளிம்புத் தொடுமுனைகளில் தங்க முலாம் உண்டு. இந்தக் கணினிகளில் பெரும்பாலானவை அந்தத் துளித் தங்கத்துக்காகத்தான் அமிலத்தில் கரைந்து போயின. தராசில் ஏற்றிப் பார்த்தோம், 180 கிலோவுக்கு ஓரிரண்டு கூடக் குறைய வந்தது. போர்டுக்கும் சேர்த்து 3,500 ரூபாய் என்று முடிந்தது. என் அன்றைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

என் முதல் தவறு அன்று மாலையே நடந்தது. ஒரு 407 வண்டி பிடித்து, நான்கு பேர் தூக்கி ஏற்றி, அலமாரியைக் கயிற்றால் கட்டி, 25 கிலோமீட்டர் கொண்டுவந்தோம். டிரைவுக்குள் படிக்கும் தலைகளைத் தாங்கும் கை நகராமல் பூட்டுவதற்கென்றே மேல்மூடிக்கு அடியில் ஒரு பூட்டு இருப்பது எனக்குத் தெரியாது. டிரைவ்களில் ஒன்றுக்குள் ஒரு பேக் இருந்ததையும் நான் திறந்து பார்க்கவில்லை. இப்படி ஓர் இயந்திரத்தை நகர்த்தப் போகிறவர் கயிறு தேடுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்ய வேண்டும்: பேக்கை வெளியே எடுத்து அதன் உறையில் போட வேண்டும், தலைகளைப் பூட்ட வேண்டும். முடிந்தால் டிரைவ்களை அலமாரியிலிருந்து கழற்றித் தனித்தனியாகக் கொண்டுவருவது நல்லது. 180 கிலோவை நான்கு பேர் தூக்கலாம், ஆனால் வாசற்படியில் நான்கு பேர் நிற்க இடமிருக்காது. எங்கள் வாசற்படியின் கருங்கல் விளிம்பில் அன்று பெயர்ந்த துண்டு இன்னும் ஒட்டப்படவில்லை.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. இரவு ஒன்பது மணிக்கு, ஆவல் தாங்காமல், 15 ஆம்பியர் பிளக்கில் சொருகிப் போட்டுவிட்டேன். விசிறிகள் சுற்றின. டிரைவின் முகப்பில் லோடு என்ற பொத்தானை அழுத்தினேன். தட்டு சுழலத் தொடங்கி, ஒலி மெல்ல மெல்ல உயர்ந்து, முக்கால் நிமிடம் போல ஆனபின் தலைகள் உள்ளே போகும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி சிலேட்டில் ஆணியால் கீறுவதுபோல ஒரு கீச்சொலி. நான் சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பேக்கைத் திறந்து பார்த்தபோது, பழுப்புப் பூச்சின்மேல் அலுமினியம் வெள்ளையாகத் தெரியும்படி ஒரு வளையம் விழுந்திருந்தது.

நடந்தது இதுதான். தட்டு நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும்போது அதன் பரப்போடு ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் உண்டாகிறது. படிக்கும் தலை அந்தப் படலத்தின்மேல் மிதக்கிறதே தவிர, தட்டைத் தொடுவதில்லை. அந்த இடைவெளியோடு ஒப்பிட்டால் ஒரு தலைமயிர் பனைமரத் தடிமன். பழைய இரும்புக் கடையில் கிடந்த டிரைவுக்குள் எவ்வளவு தூசி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு, உள்ளே காற்று வரும் வழியில் வைத்திருக்கும் நுரைப் பஞ்சு இருபது ஆண்டுகளில் மட்கி, தொட்டால் பிசினாகவும் தூளாகவும் உதிரும் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்தத் தூள் நேராகத் தட்டின்மேல்தான் விழும். ஆகவே பழைய டிரைவ் கைக்கு வந்தால், அந்தப் பஞ்சை முழுவதும் சுரண்டி எடுத்து, வடிகட்டியை மாற்றி, தலைகளைப் பஞ்சு இழை ஒட்டாத துணியாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, பேக் எதுவும் வைக்காமல் சில மணி நேரம் காற்றை மட்டும் ஓடவிட்டு, அதன்பிறகே இழந்தாலும் கவலையில்லாத ஒரு பேக்கை முதலில் வைக்க வேண்டும். நான் முதலில் ஓட்டிய பேக்கில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் சீட்டில் பால்பாயிண்ட் பேனாவால் 'ஸ்டோர்ஸ் மாஸ்டர்' என்று எழுதியிருந்தது.

இந்த வகைப் பேக்குகளில் வேறொரு சிக்கலும் உண்டு. தலை எந்தத் தடத்தின்மேல் இருக்கிறது என்று காட்டும் வழிகாட்டிக் குறிகள் தொழிற்சாலையிலேயே தட்டில் எழுதப்பட்டவை, தரவுகளோடு கலந்தே இருப்பவை. அவை அழிந்தால் பயனாளரால் மறுபடி எழுதவே முடியாது. காந்தத்தால் அழித்துவிட்டு மறுபடி ஃபார்மட் செய்துகொள்ளலாம் என்று எனக்கு ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்னார். ஒலிநாடாவுக்குச் சரி. இதற்கு அப்படிச் செய்திருந்தால் மீதி நான்கும் வெறும் தாம்பாளங்கள் ஆகியிருக்கும்.

அந்த இரவுக்குப் பின் ஏழு ஆண்டுகள் நான் அதைத் தொடவில்லை. அம்மா அதை வீட்டுச் சாமான்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டார். மேலே ரேஷன் அரிசிப் பை, பக்கவாட்டில் குடை, மழைநாளில் காயாத துணி. "எதுக்கும் ஆகலன்னாலும் பலமா நிக்குது" என்பது அவருடைய பாராட்டு. ஆயுதபூசை அன்று என் ஸ்குரூ டிரைவர் பெட்டிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு பொரி உருண்டை படைப்பார். காற்றுத் துளைகளின்மேல் மட்டும் சந்தனம் வேண்டாம் என்று நான் கெஞ்சுவேன்.

2005 வாக்கில் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் பெருகியிருந்த காலத்தில், பிட்சேவர்ஸ் என்ற இணையக் களஞ்சியத்தில் டெக் நிறுவனத்தின் கையேடுகளும் முழு மின்சுற்று வரைபடங்களும் வருடிப் போடப்பட்டிருப்பதைக் கண்டேன். அந்தக் காலத்துக் கணினி உற்பத்தியாளர்கள் தங்கள் இயந்திரத்தின் ஒவ்வொரு மின்தடையையும் வரைபடத்தில் காட்டினார்கள். பழுதுபார்ப்பவர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். ஏழெட்டு மாதம், வாரம் ஒரு முறை போய், பக்கம் ஒரு ரூபாய் வீதம் அச்செடுத்தேன். இரண்டு கோப்பு நிறைந்தது. இன்றைய மடிக்கணினி ஒன்று நாற்பது ஆண்டு கழித்து யாராவது ஒருவர் நடையில் நின்றால், அவருக்கு இந்த வசதி இருக்காது.

இந்த முறை அவசரப்படவில்லை. கார்டுகள் அனைத்தையும் உருவி, எந்தத் துளையில் எது இருந்தது என்று படம் வரைந்து வைத்துக்கொண்டு, மின்வழங்கியை மட்டும் தனியே எடுத்தேன். லாங்கு பஜார் ரேடியோ மெக்கானிக் ஒருவர், மின்வழியில் தொடராக ஒரு 100 வாட் பல்பைப் போட்டு ஏற்றிப்பார் என்றார். வால்வு ரேடியோவுக்கும் மின்மாற்றி வைத்த பழைய கருவிகளுக்கும் அது அருமையான வழி. இதில் இருப்பதோ சுவிட்சிங் வகை. உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து ஈடுசெய்யப் பார்க்கும், தொடங்கவும் தொடங்காமல் நிற்கவும் நிற்காமல் திணறும். சுமை எதுவும் இல்லாமல் ஓட்டினாலும் சரியாக நடக்காது. அதனால் பழைய கார் ஹெட்லைட் பல்புகளை 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் சுமையாக மாட்டி, முழு மின்னழுத்தத்திலேயே ஏற்றினேன். 5 வோல்ட் சரியாக இருந்தது. 12 வோல்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 9க்கும் 10க்கும் நடுவே ஆடியது. மின்தேக்கிகள் உலர்ந்துபோயிருந்தன. சென்னை ரிச்சி தெருவில், 105 டிகிரி வெப்பம்வரை தாங்கும் என்று அச்சிட்டவையாகப் பார்த்து வாங்கிவந்து எல்லாவற்றையும் மாற்றினேன். 85 டிகிரி வகையும் கிடைக்கும், விலையும் குறைவு. வேலூர்க்காரர் அந்த மிச்சத்துக்கு ஆசைப்படக் கூடாது. 5 வோல்ட் வழி 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கிறது என்று ஒரு மணி நேரம் பார்த்த பிறகே முதல் கார்டைச் சொருக வேண்டும்.

பெட்டியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வீட்டில் எர்த் கம்பி பெயருக்கு ஒரு ஆணியில் முடிந்திருந்தது. இந்த மாதிரி இயந்திரங்களின் மின்வடிகட்டியில் உள்ள சிறு மின்தேக்கிகள் கொஞ்சம் மின்சாரத்தை இரும்புக் கூட்டுக்குக் கசியவிடும். எர்த் நன்றாக இருந்தால் அது நிலத்துக்குப் போகும், இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, ஜிஐ குழாயை நிறுத்தி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி அடுக்கி மூடினோம். வேலூரைப் பற்றிய பழைய கேலிப் பட்டியலில் நீரில்லா ஆறு என்று ஒன்று உண்டு. பாலாறே அப்படியென்றால் கொல்லை மண்ணைக் கேட்க வேண்டாம். காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. ஜனவரி தாண்டினால் வாரம் இரண்டு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்ற வேண்டியிருந்தது. கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போவது வழக்கமாயிற்று. "ஏங்க, செடிக்கும் சேர்த்து ஒரு குடம் ஊத்துங்க" என்பார்.

கார்டுகளின் கதை வேறு. சிப்புகளின் கால்கள் எல்லாம் கரிபிடித்ததுபோல் கறுத்திருந்தன. அந்தக் காலத்துச் சிப்புக் கால்களில் வெள்ளி முலாம் உண்டு. எங்கள் பகுதியில் தோல் பதனிடும்போது மயிரை நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள், அதிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்ற வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். ராணிப்பேட்டைக் காற்றில் பன்னிரண்டு ஆண்டு நின்ற இயந்திரத்துக்கு இது ஆச்சரியமில்லை. கறுப்பு இருந்தால் இருக்கட்டும், அது பெரும்பாலும் மேற்பூச்சோடு நிற்கும். கெடுதல் எங்கே வருமென்றால், அதைக் கண்டு பயந்து உப்புத்தாளை எடுக்கும்போதுதான். தங்க முலாம் பூசிய விளிம்புகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம் கடைகளில் பரவலாக உண்டு. பத்து முறை தேய்த்தால் தங்கம் போய்விடும், பிறகு அந்த விளிம்பு என்றென்றைக்கும் தொல்லைதான். ஆல்கஹால் தோய்த்த துணி போதும்.

எல்லாக் கார்டுகளையும் சொருகி ஏற்றியபோது இயந்திரம் ஒழுங்காக ஓடவில்லை. மூன்று மாதம் தேடினேன். கடைசியில் தவறு நான் சொருகிய விதத்தில் இருந்தது. இந்தக் கணினியில் கார்டுகளைச் சொருகும் பின்தளத்தில் ஒரு கார்டு அடுத்த கார்டுக்கு அனுமதிச் சைகையைக் கைமாற்றிக் கொடுக்கிறது, பந்தியில் பரிமாறும் இலையடுக்கைக் கைமாற்றுவதுபோல. நடுவில் ஓர் இருக்கை காலியாக இருந்தால் சைகை அங்கேயே நின்றுவிடும். நான் காற்றோட்டத்துக்கு நல்லது என்று நினைத்து ஓரிடத்தைக் காலியாக விட்டிருந்தேன். கார்டை ஒரு படி நகர்த்தியதும் வழி திறந்தது. 2008 தைப் பொங்கலுக்கு முந்தைய வாரம், விடி100 திரையின் இடதுமூலையில் ஒற்றை @ குறி வந்து நின்றது. கணினி உயிரோடு இருக்கிறது, கட்டளை கேட்கிறது என்று அதற்குப் பொருள். திரைக்கு வயதாகி, கண்ணாடிக்கும் அதன்மேல் ஒட்டிய காப்புத் தகட்டுக்கும் நடுவில் உள்ள பசை கெட்டு, கண்புரை விழுந்தது போலிருந்தது. அந்தப் புரை வழியாக அந்த @ குறியை அம்மாவுக்குக் காட்டினேன். "இதுக்கா?" என்றார்.

டிஸ்கைப் படிக்க இயக்க மென்பொருள் வேண்டும், மென்பொருளோ டிஸ்கில் இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கப் பழைய இயந்திர ஆர்வலர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். டெக் ஒரு காலத்தில் டியு58 என்ற சிறு நாடாக் கருவியை விற்றது, அது கணினியோடு சாதாரண சீரியல் வழியில்தான் பேசும். மடிக்கணினி ஒன்றை அந்த நாடாக் கருவி போல நடிக்க வைத்தால், ஆர்டி-11 என்ற இயக்க மென்பொருளைக் கம்பி வழியே ஏற்றிவிடலாம். அப்படி ஏற்றி, நல்ல நிலையிலிருந்த இரண்டாவது டிரைவைக் கழுவித் துடைத்து, மிச்சமிருந்த நான்கு பேக்குகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பிரதி எடுத்தேன். வைக்கும் முன், பேக்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் புரொடெக்ட் பொத்தானை அழுத்தி அதன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதை ஒரு சடங்காகவே வைத்துக்கொண்டேன். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு பேக் முழுவதையும் எடுக்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. நம் ஊரில் மூன்று மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் வருவது எப்போது என்று கணக்குப் பார்த்து, பொழுது விடிவதற்கு முன் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். நான்கில் மூன்று படித்தன. நான்காவதில் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை.

கிடைத்தவற்றில் ஒன்று தொழிற்சாலைக் கேன்டீன் கணக்கு. ஆர்டி-11இல் கோப்புப் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகாது, அதனால் பெயரைப் பார்த்து எதுவும் புரியாது, திறந்துதான் பார்க்க வேண்டும். நாள்வாரியாகச் சாப்பாட்டு டோக்கன் எண்ணிக்கை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் எண் மூன்றிலொரு பங்கு கூடி நின்றது. அது பிரியாணி நாள் என்று அங்கே சாப்பிட்ட எனக்கு உடனே தெரிந்தது. இன்னொன்று சம்பளப் பட்டியல், பெயரும் பிடித்தமும் கடன் தவணையுமாக. அதில் இருப்பவர்களில் பலர் இன்னும் இதே ஊரில் நடமாடுகிறார்கள். யார் கூட்டுறவுச் சங்கத்தில் எவ்வளவு வாங்கினார் என்பது எனக்கு எதற்கு? அந்தப் பகுதியை மட்டும் பிரதியிலிருந்து அழித்துவிட்டேன். காயலான் கடையில் வாங்கும் டிஸ்க்கோடு அடுத்தவர் அந்தரங்கமும் கூட வருகிறது. அதை இணையத்தில் ஏற்றிக் காட்டிப் பெருமைப்படுகிறவர்களை நான் மதிப்பதில்லை.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஏற்றிய ஆர்டி-11 பிரதி அமெரிக்க வழக்கத்துக்கு அமைந்தது. இந்தக் கணினிக்குள் தனிக் கடிகாரப் படிகம் இல்லை, நேரம் போவதை அது வீட்டு மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் அறிகிறது. அங்கே நொடிக்கு 60 துடிப்பு, இங்கே 50. அது 60 எண்ணினால் ஒரு நொடி என்று நம்பிக்கொண்டிருந்ததால், மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. மென்பொருள் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றியதும் சரியாயிற்று. ஆண்டுக்கும் ஒரு குறுக்குவழி தேவைப்பட்டது. அதன் தேதி அமைப்பில் ஆண்டுக்கு ஐந்து பிட் மட்டுமே, 1972இல் தொடங்கி 2003இல் முடிந்துவிடும். பின்வந்த பதிப்பு இதைத் தீர்த்தது, என்னிடம் இருந்தது பழையது. நாட்காட்டி 28 ஆண்டுக்கு ஒரு முறை அப்படியே திரும்புவதால், 2009ஐ 1981 என்று கொடுத்தேன். கிழமையும் தேதியும் அச்சு மாறாமல் பொருந்தின.

இயங்கத் தொடங்கிய பிறகுதான் செலவு தெரிந்தது. இரண்டு டிரைவும் சுழன்றால் ஏறத்தாழ 700 வாட், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட். அதைவிடத் தொல்லை வெயில். டிரைவ் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்பது கையேடு. எங்கள் நடையில் கத்திரி வெயிலில் விசிறி போட்டும் அதைத் தாண்டும். எனவே மார்ச் முதல் ஜூன் வரை அதை ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். நிறுத்திய மாதங்களில் பல்லிகள் குடியேறும். வெப்பமான மூலை தேடி மின்வழங்கிக்குள் போய் இரண்டு முனைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும், மறுபடி போடும்போது அதுவும் போகும், ஃபியூஸும் போகும். துளைகளுக்குக் கம்பிவலை தைத்தேன். கொசுவலைத் துணி போட்டால் ஒரே மாதத்தில் தூசியில் அடைத்துக்கொள்ளும். 2012இல் மணிக்கு மணி மின்வெட்டு இருந்த காலத்தில் ஒரு நாள்கூட ஏற்றவில்லை.

2015 நவம்பர் மழையில் நடையின் ஓட்டுக்கூரை ஒழுகியது. தண்ணீர் அலமாரிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இரவு முழுவதும் நானும் மனைவியும் அண்டா மாற்றிக்கொண்டிருந்தோம், அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பேசாமைதான் என்னை யோசிக்க வைத்தது. எனக்கு வயது ஏறுகிறது, மகளுக்கு இதில் நாட்டமில்லை. எனக்குப் பின் இது நேராகப் பழைய இரும்புக் கடைக்கே திரும்பிப் போகும். இப்படிப்பட்ட பொருள் வைத்திருப்பவர், அதை ஓட்டத் தெரிந்த காலத்திலேயே அடுத்த கையைத் தேடத் தொடங்குவது நல்லது. எனக்கு நாலு ஆண்டு பிடித்தது. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு டிரைவ் மட்டும் வேண்டும், மீதிப் பேருக்கு அலங்காரத்துக்கு வேண்டும்.

2019இல் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி ஆசிரியர், முப்பது வயது இளைஞர், முழுவதையும் எடுத்துக்கொள்ள முன்வந்தார். வந்து பார்த்த அன்று விலையைக் கேட்கவில்லை. தலைகளைப் பூட்டும் இடம் எங்கே என்று கேட்டார். அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அச்செடுத்த கோப்புகள், துளைவாரிப் படம், எந்த மின்தேக்கியை எந்த மாதம் மாற்றினேன் என்ற நோட்டு, எல்லாவற்றையும் கொடுத்தேன். அடிக்கடி தேவைப்படும் விஷயங்களை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். வண்டி கிளம்பும் முன் மனைவி அதற்கு ஒரு கற்பூரம் காட்டினார், அம்மா இருந்தால் செய்திருப்பார் என்று சொல்லி. நடை அகலமானதும் ஒரு மாதம்வரை எல்லோரும் பழக்கத்தில் உடம்பை ஒருக்களித்தே நடந்தோம்.

சில மாதம் கழித்து ஒரு மாலை அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம்.

"சார், மதியத்திலேருந்து கடிகாரம் முன்னாடி ஓடுது சார். மணிக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல. அந்த 50 துடிப்பு பிட்டைப் பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு. நான் எதையும் தொடல."

"தம்பி, அங்க கரண்ட் இருக்கா?"

"இல்ல சார், காலேஜ் ஜெனரேட்டர்ல போயிட்டிருக்கு."

"அப்ப மிஷின்ல ஒண்ணும் இல்ல. அது எண்ணுறது சரி. ஜெனரேட்டர்தான் 50க்கு 52 கொடுக்குது. முதல்ல பெட்டிய நிறுத்திடுங்க, அப்புறம் ஜெனரேட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."